நாலு விரல் உயரம்

"அக்கா, வண்டியத் தூக்கியாச்சு. அண்ணன் போன எடுக்க மாட்டேங்கறாரு. வந்தா சொல்லிடுங்க."

காலையில் அடுப்படியில் நிற்கும்போது போனில் இப்படி ஒரு குரல் கேட்டால் யாருக்குத்தான் தூக்கிவாரிப்போடாது? அதுவும் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த ஒரு வண்டியால்தான் என்றால்? கேன்காரம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு மேடையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல நாளிலேயே அவளுக்கு இடுப்பில் பலம் இல்லை.

"யாரு தூக்கினது?"

"நாங்கதான்க்கா. நானும் என் மச்சானும். விடிஞ்சதுமே தூக்கிட்டோம்."

"அடப்பாவி, அதை எனக்கே போன் போட்டுச் சொல்றியா? உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்! வண்டி இப்ப எங்க?"

"இங்கதான் நிக்குது, வேற எங்க போகும்? பின்னாடி ஆறு விரல் தூக்கியிருக்கோம், முன்னாடி நாலு விரல். அண்ணன் சொன்ன அளவுதான்."

விரல் கணக்கில் திருடுகிற திருடன் எந்த ஊரிலும் கிடையாது. அப்போதுதான் அவளுக்குக் குரல் பிடிபட்டது. லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டும் பட்டறைக்காரன். வண்டியை உயர்த்தியிருக்கிறான், அவ்வளவுதான். நம் ஆட்களின் பேச்சே இப்படித்தான். உயர்த்தினாலும் தூக்கியாச்சு, திருடினாலும் தூக்கியாச்சு, வேலையிலிருந்து ஒருத்தரை நிறுத்தினாலும் தூக்கியாச்சு. கேட்கிறவர்தான் எந்தத் தூக்கல் என்று கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

"சரி, சொல்றேன்" என்று போனை வைத்தாள். போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் ஒரு நிமிஷம்கூட நிம்மதியாக உட்காரவில்லை. 'எதுக்கு உயர்த்தினாங்க? என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?' என்று யோசிக்க ஆரம்பித்ததும் அவள் பார்வை தானாகவே பின்கட்டு அறையின் பக்கம் போனது.

அந்த அறையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதைப் பற்றி அவள் கணவருக்கு எதுவும் தெரியாது.

அவர்கள் இருவரும் வீடு வீடாகக் குடிதண்ணீர் கேன் போடுகிறவர்கள். சின்ன லாரி. அவர் ஓட்டுவார், அவள் பக்கத்தில் உட்காருவாள். கல்யாணம் ஆன புதிதில் ஏறி உட்கார்ந்த இடம் அது. தெருவுக்குத் தெரு இறங்கி, கேனை எண்ணிக் கொடுத்து, காலிக் கேனை வாங்கிப் போட்டு, எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த வீட்டு நாய் குரைக்காமல் கடிக்கும் என்பதுவரை அறிந்தவள் அவள். அவருக்கு ஸ்டீயரிங் தெரியும், தெரு தெரியாது. தெருக்காரர்கள் அவரை "கேன்காரம்மா வீட்டுக்காரர்" என்றுதான் சொல்வார்கள்.

நாலு மாதத்துக்கு முன்னால், ஈரப் படியில் கேனோடு வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு உடைந்து, உள்ளே உலோக மூட்டு வைத்தார்கள். நடக்கலாம், படி ஏறலாம், வேலைக்கும் போகலாம் என்றார் டாக்டர். ஆனால் அந்தக் காலை ஒரு அளவுக்கு மேல் மடக்கித் தூக்கக் கூடாது என்று தன் கையாலேயே உயரம் காட்டினார். அவள் வீட்டுக்கு வந்ததும் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, வாசலில் நின்ற காலி லாரியின் கால் வைக்கும் படியை விளக்குமாற்றுக் குச்சியால் அளந்தாள். டாக்டர் காட்டிய உயரமும் படியின் உயரமும் ஏறக்குறைய ஒன்று. ஒரு மயிரிழை அவள் பக்கம் இருந்தது.

அதே உயரத்தில் ஒரு மரப்பெட்டியைத் தேடிப் பிடித்து, மகள் வேலைக்குக் கிளம்பிய பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஏறிப் பழகினாள். முதலில் சுவரைப் பிடித்து ஏறினாள். பிறகு ஜன்னல் கம்பி. வலிக்கும்போது கணவரையும் தண்ணீரையும் ஈரப் படியையும் வரிசையாகத் திட்டினாள், வலி கொஞ்சம் குறைந்தது. நேற்றுத்தான் எதையும் பிடிக்காமல் ஏறி நின்று, தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள். திங்கட்கிழமை வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "கிளம்புங்க, என்ன பாக்கறீங்க?" என்று கேட்க வேண்டும் என்பது அவள் திட்டம். அந்த நேரத்தில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறாள்.

இப்போது முன்னாடி நாலு விரல்.

அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

பட்டறை வாசலில் உடைந்த ஸ்பிரிங் பட்டைகள் துருவேறி, விறகு மாதிரி அடுக்கியிருந்தன. பெயின்ட் டப்பாவில் டீசலுக்குள் போல்ட்டுகள் ஊறின. நடுவில் அவர்களுடைய லாரி நின்றது. புதுச் செருப்பு போட்டுக்கொண்ட ஆள் மாதிரி கொஞ்சம் விறைப்பாக, வழக்கத்தைவிடப் பெரிதாக. அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார் அவள் கணவர். போனை எடுக்க நேரமில்லாத மனிதருக்கு வண்டியை ரசிக்க நேரம் இருந்தது.

"நீ எங்க இங்க? சரி வா, வந்து பாரு" என்றார். குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. "பழைய பட்டையெல்லாம் சப்பையாப் படுத்துக் கிடந்துச்சு. அடிச்சு வளைவு ஏத்தி, கூட ஒரு பட்டை சேத்தாச்சு. அந்த மேட்டுக் குடியிருப்புக்குப் போற கல்லு ரோடு இருக்கே, ஒவ்வொரு தடவையும் அடிவயிறு டம்முனு இடிக்கும். போன வாரம் இன்ஜின் ஆயில் தொட்டி ஓட்டையாகியிருக்கும், தப்பிச்சுது. இனிமே ஒரு கல்லும் தொடாது."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தச் சத்தம் அவளுக்கும் தெரியும். ஒவ்வொரு முறையும் தன் வயிற்றிலேயே இடித்தது போல் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். ஆனாலும் அவள் தன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். படியருகே நின்று காலைத் தூக்கினாள். நுனிக்கால் படியின் விளிம்பைத் தட்டிவிட்டுக் கீழே வந்தது. இன்னொரு தடவை தூக்கினாள். இடுப்புக்குள் சுரீர் என்றது. பட்டறைக்காரன் ஏதோ போல்ட்டைத் தேடுகிறவன் போலத் திரும்பிக்கொண்டான்.

"எத்தனை அளவு எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"எல்லாம் எடுத்தேன். அந்த ரோட்டுல இருக்கற பெரிய கல்ல டேப் வெச்சு அளந்தேன். ஷெட்டு உத்தரத்துல இடிக்குமான்னு அளந்தேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல…"

"கல்ல அளந்தீங்க, உத்தரத்த அளந்தீங்க. என் கால அளந்தீங்களா?"

அவர் குனிந்தார். படியைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார். "நீ எங்க இப்ப… டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னாருல்ல… அதான் இயர்போன் வர்றானே…" என்று மென்று முழுங்கினார். அவளுக்குப் பதிலாக வந்துகொண்டிருந்த ஆள்தான் இயர்போன். இருபத்து நாலு மணி நேரமும் காதில் பாட்டு. எந்த வீட்டுக்கு எத்தனை கேன் என்று கேட்டால் "ஆங்?" என்பான்.

"நான் வேணாம்னு நெனச்சு உசத்தினீங்களா?"

"சேச்சே! அப்படியெல்லாம் இல்ல. சத்தியமா இல்ல." கொஞ்சம் தயங்கினார். பூசி மெழுகத் தெரியாத மனிதர். "உன்ன நெனக்கவே இல்ல. மறந்துட்டேன்."

வேண்டாம் என்று நினைத்திருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு ஜெயித்தும் இருப்பாள். மறந்துவிட்டேன் என்று சொல்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஒருத்தியை, நாலு மாதத்தில், ஒரு கல்லை அளக்கும்போது மறந்துபோக முடிகிறது. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. கண்ணில் நீர் வந்துவிடும் போலிருந்தது, டீசல் புகையின் மேல் பழியைப் போட்டு முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

பிறகு மரப்பெட்டியைப் பற்றிச் சொன்னாள். எல்லாவற்றையும், விளக்குமாற்றுக் குச்சி உட்பட. அவர் கேட்டுக்கொண்டே லாரியின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார், டயர்தான் பேசுகிறது என்பது போல.

"எறக்கிடுப்பா" என்றார் கடைசியில், பட்டறைக்காரனிடம். "பழைய மாதிரியே பண்ணிடு."

"எறக்க வேணாம்" என்றாள் அவள் உடனே. "கல்லு ரோட்டுல ஆயில் தொட்டி உடைஞ்சா யார் அழறது? எறக்கறதா இருந்தா ஏன் ஏத்தணும்?"

"கீழ ஒரு படி வெல்டு பண்ணித் தரட்டுமாக்கா?" என்று பட்டறைக்காரன் கேட்டுவிட்டு, தானே தலையை ஆட்டிக்கொண்டான். "வேணாம். தொங்கற படிதான் முதல்ல கல்லுல மாட்டும்." கொஞ்ச நேரம் தாடையைத் தடவினான். "ஒண்ணு சொல்லட்டுமா? இப்ப இது காலி வண்டி, அக்கா. முழு லோடு ஏத்தினா பட்டை அமுங்கும். கேனைக் கேபினை ஒட்டி நெருக்கி அடுக்கினா, முன்னாடி அந்த நாலு விரலும் எறங்கிடும். பழைய காலி வண்டி உயரம் வந்துடும்."

"அப்ப லோடு இருந்தா ஏறலாம்?"

"ஏறலாம். ஆனா தெருவுக்குத் தெரு கேனை எறக்க எறக்க, வண்டி மேல வரும்." சொல்லிவிட்டு அவனுக்கே சிரிப்பு வந்தது. "போகும்போது ஏறிடுவீங்க. வரும்போதுதான் கஷ்டம்."

"வரும்போது வர்றதப் பாத்துக்கலாம்" என்றாள் கேன்காரம்மா.

திங்கட்கிழமை, தண்ணீர் நிரப்பும் இடத்தில், பட்டறைக்காரன் சொன்னபடி கேபினை ஒட்டி நெருக்கமாகக் கேன்களை அடுக்கினார் அவர். வண்டி மெல்ல மெல்ல அமர்ந்தது. அவள் கதவைத் திறந்து, கம்பியைத் தொடக்கூடச் செய்யாமல் ஏறி உட்கார்ந்தாள். நிரப்புகிற இடத்துப் பெண்கள் கை தட்டினார்கள். இருக்கையில் இயர்போனின் தலை எண்ணெய் வாசம் அடித்தது. ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு, "கிளம்புங்க, என்ன பாக்கறீங்க?" என்றாள். பலநாள் ஒத்திகை பார்த்த வசனம், ரகசியம்தான் முன்பே உடைந்துவிட்டது. ஆனாலும் அவர் முகம் அவள் நினைத்த மாதிரிதான் இருந்தது.

முதல் தெருவில் வீடுகள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. எப்படி இருக்கே, மூட்டு எப்படி இருக்கு, இரும்பா தங்கமா என்று விசாரணை. இறங்கினாள், எண்ணினாள், ஏறினாள். இரண்டாவது தெருவிலும் அப்படியே. மூன்றாவதில் கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த தெருவில் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்து, மனசுக்குள் மரப்பெட்டியை நினைத்துக்கொண்டு ஏறினாள். தண்ணீர் குறையக் குறைய வண்டி அவளை விட்டு விலகி விலகி மேலே போவது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. வேலை நன்றாக நடக்க நடக்க இடம் எட்டாமல் போகிறதே என்று நினைத்தபோது கோபமும் வந்தது, ஒரு மாதிரி சிரிப்பும் வந்தது.

அதற்கும் அவர் ஏற்பாடு செய்திருந்தார். இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து வைத்தார். நீலக் கலர், புதுசு. "பொம்மைய அலமாரியில ஏத்தற மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தாலும், வேறு வழி இல்லாமல் அதில் கால் வைத்து ஏறினாள்.

மேட்டுக் குடியிருப்புக்குப் போகும் கல் ரோடு வந்தது. பழக்கத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு, டம் என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. வண்டி ஆடியது, குலுங்கியது, பெரிய கல்லையும் தாண்டியது, அடியில் ஒன்றுமே தொடவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடத்தில் மார்க் காட்டுகிற பையன் மாதிரி.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றாள். உண்மையைச் சொல்லாமல் இருக்க அவளுக்கும் தெரியாது.

அங்கே கேன்களை இறக்கிவிட்டு, குறுகலான வாசலிலிருந்து பின்னால் வர வேண்டியிருந்தது. அது எப்போதும் அவள் வேலை. வண்டிக்குப் பின்னால் நின்று, "வா… வா… வா… ஒடிச்சு வா…" என்று கையை ஆட்டினாள். மரியாதையெல்லாம் மற்ற நேரத்துக்கு. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் புருஷனை 'வா' என்று கூப்பிடலாம், அவரும் ஒன்றும் சொல்ல மாட்டார். அவள் கண் கேட்டின் தூண் மேல் இருந்தது. சடார் என்று சத்தம் கேட்டுத் திரும்பியபோது நீல ஸ்டூல் முன் சக்கரத்துக்கு அடியில் நாலு துண்டாகக் கிடந்தது. இறங்கும்போது போட்டதை எடுத்து வைக்க இருவருமே மறந்திருந்தார்கள்.

"நான் நிக்கற இடத்துல ஒரு பொருள் நசுங்கினதில்ல இது வரைக்கும்" என்றாள், அழாத குறையாக.

"மறந்துட்டியா?" என்று கேட்டார் அவர். கேட்ட பிறகுதான் அந்தச் சொல் இருவர் காதிலும் விழுந்தது. அவர் இறங்கி நீலத் துண்டுகளைப் பொறுக்கினார். குடியிருப்புக் காவலாளி நாற்காலி கொண்டுவந்து போட்டு அவளை ஏற்றிவிட்டார்.

கடைசித் தெரு கடைத்தெருவை ஒட்டி இருந்தது. தையல்கடை, சலூன், மருந்துக்கடை என்று நெருக்கடி. மீதி இருந்தது தையல்கடை மாடிக்கு மூன்று கேன் மட்டும்.

"நீ எறங்காத" என்றார் அவர். "நான் பாத்துக்கறேன்."

"எறங்காம வேலை பாக்கறதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாமே" என்று சொல்லி, கம்பியைப் பிடித்துச் சறுக்கி இறங்கிவிட்டாள். இறங்குவது எப்போதும் சுலபம். கணக்கைப் பார்த்து, காலிக் கேன்களை வாங்கிப் போட்டு, மாடிக்காரம்மாவிடம் இடுப்பு வரலாற்றை முழுதாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். காலி வண்டி வானத்தில் நின்றது. படி அவளுக்கு நாலு விரல் மேலே, உறுதியாக, எட்டாமல் இருந்தது. தெருவிலோ வண்டி நின்ற பக்கம் ஒரு திண்டுகூட இல்லை, சமதரை.

அவர் சுற்றி வந்தார். "வா, தூக்கி உக்கார வெச்சிடறேன்" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

"நான் என்ன கேனா?"

சலூனில் பாதி முகம் சவரம் செய்த ஒருவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். அவள் முகம் சிவந்துவிட்டது. தூக்கி வைத்தால் உட்காரலாம், ஆனால் நாளைக்கு எந்த முகத்தோடு இந்தத் தெருவுக்குக் கேன் எண்ண வருவது? கேன்காரம்மா என்று கூப்பிடுகிறவர்கள் 'பாவம்' என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஒரு சொல் வந்துவிட்டால் அந்த இருக்கை அவளுடையது இல்லை. "ஆட்டோல வந்துக்கறேன், நீங்க போங்க" என்றாள்.

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு போய் ஏறி, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வண்டி தெருமுனையில் திரும்பியது. அவள்தான் போகச் சொன்னாள். ஆனாலும் போய்விட்டாரே என்று நெஞ்சு பொருமியது. நாளையிலிருந்து இயர்போனையே வரச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்துவிட்டாள்.

நினைத்து முடிப்பதற்குள் அதே ஹாரன் கேட்டது. முனையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு, எதிர்ப்பக்கத்தை ஒட்டி மெதுவாக வந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கம் மருந்துக்கடையை ஒட்டி மூடியில்லாத சாக்கடை, ஆழம் அதிகமில்லை. வண்டி அதன் விளிம்புக்கு வந்தது. அவள் பதறிப்போய் "ஒடிங்க, ஒடிங்க!" என்று கத்தினாள். அவர் ஸ்டீயரிங்கை ஒடித்தார், சாக்கடையின் பக்கமாகவே. அவள் உட்காரும் பக்கத்து முன் சக்கரம் நிறைகுடத்தை இறக்கி வைப்பது போல மெதுவாக, தண்ணீர்கூடத் தெறிக்காமல், சாக்கடைக்குள் இறங்கி உட்கார்ந்தது. லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. படி தரையை நோக்கி வந்தது.

சக்கரத்தைச் சாக்கடையில் விட்ட டிரைவருக்கு அந்தத் தெருவில் மட்டுமில்லை, லாரி நிறுத்துகிற இடத்திலும் பல வருஷத்துக்கு ஒரு கேலிப்பேர் நிலைத்துவிடும். அவர் ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அவர் சக்கரம் ஒரு சாக்கடையையும் பார்த்ததில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே அவள் காது புளித்திருக்கிறது.

"ஐயையோ, வண்டி எறங்கிடுச்சு!" என்று மருந்துக்கடைக்காரர் ஓடி வந்தார். தையல்காரர் பலகை தேடினார். சலூன்காரர் சோப்பு நுரையோடு வாசலுக்கே வந்துவிட்டார். "என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று யாரோ சிரித்தார்கள்.

அவள் தெருவைத் தாண்டி வந்து படிக்குப் பக்கத்தில் நின்றாள். பெட்டியில் பழகிய உயரத்துக்கும் கீழே இருந்தது.

அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "எறங்கலங்க. நான்தான் எறக்கினேன். வீட்டுக்காரம்மா ஏறணும்."